ஈஎன் 19, ஈஎன் 24 எஃகுகளுக்கு ஹார்டனிங், டெம்பரிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கூலிக்கு ஹீட் ட்ரீட்மென்ட் செய்து தரும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறேன். எஃகைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்குவது ஹார்டனிங்; பிறகு அதைவிடக் குறைந்த சூட்டில் மறுபடி சூடாக்கிப் பக்குவப்படுத்துவது டெம்பரிங். பொருளைக் கொண்டுவந்து இறக்கும் லேத் பட்டறைக்காரர்களுக்கும் உலைக்கும் நடுவில் நிற்பதே என் வேலை. டெலிவரி சலானில் பெரும்பாலும் ஒரே வரிதான் எழுதியிருக்கும்: ‘ஈஎன் 19, 28 முதல் 32 ராக்வெல் சி.’ ஈஎன் 19 என்பது எஃகு வகையின் பழைய பிரிட்டிஷ் தரப்பெயர், ராக்வெல் சி என்பது கடினத்தன்மையை அளக்கும் அளவுகோல். அந்த ஒரு வரியால் எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பதைச் சுற்றியே பெரும்பாலான கேள்விகள் வருகின்றன. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

குறைகலப்பு எஃகு என்பது எது? ஈஎன் 8 அதில் சேருமா?

சேராது. ஈஎன் 8 சாதாரண கார்பன் எஃகு. இரும்பு, கார்பன் ஆகியவற்றுடன் குரோமியம், நிக்கல், மாலிப்டினம் போன்றவற்றை வேண்டுமென்றே சிறிதளவு சேர்த்திருந்தால் அது குறைகலப்பு எஃகு. சேர்மானம் மொத்தம் 5 சதவீதத்துக்குள் இருப்பதே வழக்கம். ஈஎன் 19 எஃகில் சுமார் 0.4 சதவீதம் கார்பன், 1 சதவீதத்தை ஒட்டிய குரோமியம், 0.2 முதல் 0.4 சதவீதம் வரை மாலிப்டினம் இருக்கும். அமெரிக்க வரைபடங்களில் 4140 என்று வருவது இதற்கு மிக நெருங்கிய உறவு. ஈஎன் 24 எஃகில் இவற்றோடு 1.5 சதவீதம் அளவில் நிக்கலும் சேரும். அதன் அமெரிக்க உறவு 4340. கியர்களுக்கு வரும் 20எம்என்சிஆர்5, ஈஎன் 353 ஆகியவையும் குறைகலப்பு எஃகுகளே. ஆனால் அவை கார்புரைசிங் செய்வதற்கானவை, அதாவது மேல்தோலில் மட்டும் கார்பனை ஏற்றுவதற்கானவை, அவற்றின் கதை வேறு. இங்கே பேசுவது 0.4 சதவீதக் கார்பன் கொண்டவற்றைப் பற்றி மட்டும்.

கடினத்தன்மை, வலிமை, முறியாமை மூன்றும் ஒன்றுதானே?

முதல் இரண்டும் அண்ணன் தம்பி. மூன்றாவது பங்காளி, சமயம் பார்த்துப் பகையாகும். பொருளின் மேற்பரப்பைக் கூர்முனையால் அழுத்தினால் எவ்வளவு பள்ளம் விழுகிறது என்பது கடினத்தன்மை. கம்பியை இழுத்தால் எத்தனை மெகாபாஸ்கலில் நிரந்தரமாக நீளத் தொடங்கும், எத்தனையில் அறும் என்பது வலிமை. இவை இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும். கடினத்தன்மைக்கான இன்னோர் அளவான பிரினெல் எண்ணைச் சுமார் 3.45 ஆல் பெருக்கினால் இழுவலிமை மெகாபாஸ்கலில் ஏறக்குறையக் கிடைத்துவிடும். 300 பிரினெல் என்றால் 1,000 மெகாபாஸ்கலுக்குச் சற்று மேல்.

டஃப்னெஸ் என்று சொல்லப்படுவதை இங்கே முறியாமை என்று எழுதுகிறேன். விரிசலோ வெட்டோ உள்ள பொருள் திடீர் அடி வாங்கும்போது, முறிவதற்கு முன் எவ்வளவு ஆற்றலை உள்வாங்குகிறது என்பதே அது. சார்ப்பி சோதனையில் 10 மில்லிமீட்டர் சதுரமும் 55 மில்லிமீட்டர் நீளமும் உள்ள துண்டில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெட்டு போட்டு, ஊசலாடும் சம்மட்டியால் ஒரே அடியில் உடைத்து, செலவான ஆற்றலை ஜூலில் சொல்கிறார்கள். எண்ணைப் பார்ப்பதற்கு முன் உடைந்த முகத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். முறியாமை உள்ள எஃகு கிழிந்து, நார் நாராக, சாம்பல் நிறத்தில் மங்கலாக இருக்கும், ஓரங்கள் பிதுங்கியிருக்கும். நொறுங்கும் எஃகின் முகம் கல்கண்டை உடைத்ததுபோல் தட்டையாக மினுமினுக்கும், ஓரம் துளியும் நெளிந்திருக்காது.

உலைக்குள் எஃகுக்கு என்னதான் ஆகிறது?

அறை வெப்பநிலையில் இரும்பின் அணு அடுக்கில், அதாவது ஃபெரைட்டில், கார்பனுக்கு இடமே இல்லை என்று சொல்லலாம். 727 டிகிரி செல்சியஸில்கூட அது 0.02 சதவீதம் அளவுக்குத்தான் கார்பனை ஏற்கும். மிச்சக் கார்பன் சிமென்டைட் என்ற கார்பைடாக ஒதுங்கி நிற்கும். ஈஎன் 19 எஃகை 850 டிகிரி வரை சூடாக்கினால் அணு அடுக்கே மாறி ஆஸ்டெனைட் ஆகிறது. அந்த அடுக்கில் இடைவெளி தாராளம். ஒதுங்கியிருந்த கார்பன் முழுவதும் கரைந்து உள்ளே போய்விடும். பொருளின் நடுப்பகுதியும் அந்தச் சூட்டை எட்டிக் கார்பன் பரவுவதற்காகத்தான் 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்ற பட்டறைக் கணக்கு வைத்திருக்கிறோம்.

இப்போது மெதுவாகக் குளிரவிட்டால் கார்பன் வந்த வழியே வெளியேறி, ஃபெரைட்டும், அதுவும் சிமென்டைட்டும் அடுக்கடுக்காகச் சேர்ந்த பெர்லைட்டும் உருவாகும். எண்ணெயில் சட்டென்று தோய்த்தாலோ கார்பன் நகர்வதற்கு நேரமே கிடைக்காது. ஈஎன் 19 சுமார் 320, 340 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது, கார்பன் உள்ளேயே சிக்கிக்கொண்ட நிலையில் அணு அடுக்கு முறுக்கி இழுக்கப்பட்டு மார்டென்சைட் ஆகிறது. அந்த முறுக்கமே அதன் கடினத்துக்குக் காரணம். 0.4 சதவீதக் கார்பனுக்கு இது 55 முதல் 58 ராக்வெல் சி வரை வரும். இந்தக் கடினத்தைத் தீர்மானிப்பது கார்பன் மட்டுமே. குரோமியமும் மாலிப்டினமும் அதை உயர்த்துவதில்லை. அவை செய்வது வேறு வேலை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கிராமத்துக் கொல்லன் அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவதைத் தோய்ச்சல் என்றும் துவைச்சல் என்றும் சொல்வதுண்டு. அவர் செய்வதும் இதே வேலைதான், ஆனால் விளிம்புக்கு மட்டும் செய்வார். முதுகு மெத்தென்றே இருக்கும். முறியாமையைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

தோய்த்ததும் கேட்ட கடினம் வந்துவிட்டது. பிறகு டெம்பரிங் எதற்கு?

தோய்த்து எடுத்த மார்டென்சைட் கண்ணாடியைப் போன்றது. ஆஸ்டெனைட் மார்டென்சைட்டாக மாறும்போது கன அளவு சுமார் 3, 4 சதவீதம் கூடுகிறது. மேற்பரப்பு முதலில் மாறி இறுகிவிடும். உள்பகுதி பின்னர் மாறி விரிவடையும்போது மேல்தோலை உள்ளிருந்து பிளக்கப் பார்க்கும். இந்த இழுவிசை பொருளுக்குள் உட்கார்ந்திருக்கும்போது, தண்டில் சாவிக்கட்டை உட்கார வெட்டிய பள்ளமான சாவிக்காடியின் கூர்மூலையோ ஆழமான லேத் கோடோ இருந்தால் அங்கிருந்து விரிசல் கிளம்பும்.

அது தோய்க்கும் கணத்திலேயே நடக்க வேண்டும் என்பதில்லை. சனிக்கிழமை மாலை எண்ணெயிலிருந்து எடுத்த ஈஎன் 24 தண்டுகளை, டெம்பரிங் உலையில் இடமில்லை என்று கூடையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தோம். திங்கள் காலை கூடையைத் தூக்கியபோது இரண்டு தண்டுகளில் சாவிக்காடியின் மூலையிலிருந்து மயிரிழைபோல ஒரு கோடு நீளவாக்கில் ஓடியிருந்தது. விரலால் தடவினால் தெரியவில்லை. துடைத்த பின்னும் அந்தக் கோட்டிலிருந்து மட்டும் எண்ணெய் கசிந்துகொண்டே இருந்தது. தவறு எங்களுடையது. அன்றிலிருந்து, 50 முதல் 75 டிகிரிக்கு இறங்கியவுடன் பொருள் டெம்பரிங் உலைக்குள் போய்விடுகிறது.

டெம்பரிங் வெப்பநிலையை ஏற்றினால் வலிமை எவ்வளவு குறையும், முறியாமை எவ்வளவு கூடும்?

சிறிய விட்டமுள்ள 4140 கம்பியை 845 டிகிரியிலிருந்து எண்ணெயில் தோய்த்து, வெவ்வேறு வெப்பநிலைகளில் டெம்பர் செய்தால் கிடைக்கும் கையேட்டு மதிப்புகளைப் பாருங்கள். எல்லாமே ஏறத்தாழ மதிப்புகள்தாம். முறியாமை எண்கள் சார்ப்பிக்குச் சகோதர முறையான ஐசாட் சோதனையில் எடுக்கப்பட்டவை.

205 டிகிரியில் டெம்பர் செய்தால் இழுவலிமை 1,965 மெகாபாஸ்கல், உள்வாங்கும் ஆற்றல் 15 ஜூல். 425 டிகிரியில் 1,450 மெகாபாஸ்கலும் 28 ஜூலும். 540 டிகிரியில் 1,150 மெகாபாஸ்கலும் 65 ஜூலும். 650 டிகிரிக்குப் போனால் வலிமை 900 மெகாபாஸ்கலாக இறங்குகிறது, ஆற்றலோ 112 ஜூலுக்கு ஏறுகிறது. வலிமை பாதிக்கும் கீழே போனபோது முறியாமை ஏழு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. தண்டு, ஆக்சில், கனெக்டிங் ராடு போன்றவற்றுக்கு 540 முதல் 650 டிகிரி வரை டெம்பர் செய்வதற்கு இதுவே காரணம்.

முறியாமை இப்படிக் கூடுவது எப்படி என்றால், சிக்கியிருந்த கார்பன் சூட்டில் மெல்ல விடுபட்டு நுண்ணிய கார்பைடுகளாக வெளிவருகிறது. அணு அடுக்கின் முறுக்கம் தளர்கிறது. 200 டிகிரியில் அந்தக் கார்பைடுகள் மிக மிகப் பொடியானவை. 600 டிகிரியை நெருங்கும்போது அவை திரண்டு உருண்டையாகி, விரிசல் ஓடுவதற்கு வழி தராத மென்மையான ஃபெரைட்டுக்குள் புள்ளி புள்ளியாகப் பதிந்திருக்கும். மாலிப்டினம் இந்தத் திரட்சியைத் தாமதப்படுத்துவதால், ஈஎன் 8 எஃகு தொய்ந்துபோகும் வெப்பநிலையிலும் ஈஎன் 19 வலிமையைத் தாங்கி நிற்கிறது.

நடுவில் 300 டிகிரியை ஏன் விட்டுவிட்டீர்கள்?

அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான். மேலே சொன்ன அதே கம்பியை 315 டிகிரியில் டெம்பர் செய்தால் வலிமை 1,720 மெகாபாஸ்கலுக்கு இறங்கும். முறியாமை கூடும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் அது 15 ஜூலிலிருந்து 9 ஜூலுக்கு விழுகிறது. வலிமையையும் இழந்து முறியாமையையும் இழந்த நிலை. ஏறக்குறைய 250 முதல் 400 டிகிரி வரை இந்தப் பள்ளம் உண்டு. எஃகு நுண்ணிய படிக மணிகள் ஒட்டிச் சேர்ந்தது. அதில் மாறாமல் எஞ்சியிருந்த ஆஸ்டெனைட் சிதைந்து, மார்டென்சைட் இழைகளுக்கு நடுவிலும் பழைய மணி எல்லைகளிலும் சிமென்டைட் தகடு தகடாகப் படிகிறது. பாஸ்பரஸ் போன்ற அசுத்தங்கள் மணி எல்லைகளைப் பலவீனப்படுத்துகின்றன. விரிசலுக்குத் தார்ச்சாலை போட்டுக் கொடுத்ததுபோல் ஆகிவிடுகிறது. இதை மறுபடி 300 டிகிரிக்குச் சூடாக்கி எப்படிக் குளிரவைத்தாலும் சரியாகாது. அதைவிட மேலே டெம்பர் செய்ய வேண்டும், அல்லது தொடக்கத்திலிருந்து ஹார்டனிங் செய்ய வேண்டும்.

‘44 முதல் 46 ராக்வெல் சி வேண்டும், அடியும் தாங்க வேண்டும்’ என்று ஈஎன் 19 பொருளைக் கொடுப்பவர்களிடம் நாங்கள் தயங்குவதற்கு இதுவே காரணம். அந்தக் கடினத்துக்கான டெம்பரிங் வெப்பநிலை இந்தப் பள்ளத்தின் விளிம்பில்தான் விழும். போல்ட்டுகளுக்கான ஐஎஸ்ஓ 898-1 தரநிலையும் 8.8 வலிமை வகுப்பிலிருந்து மேலே பெரும்பாலான வகைகளுக்கு டெம்பரிங் 425 டிகிரிக்குக் குறையக்கூடாது என்று கட்டுப்படுத்துகிறது.

ஈஎன் 24 பொருளை 600 டிகிரியில் டெம்பர் செய்து உலையிலேயே ஆறவிட்டால் என்ன?

ஆறவிட வேண்டாம். இது இரண்டாவது பள்ளம், முதலாவதைவிடக் கள்ளத்தனமானது. சுமார் 375 முதல் 575 டிகிரி வரையுள்ள பகுதியில் பொருள் நீண்ட நேரம் இருந்தாலோ அதன் வழியே மெதுவாகக் குளிர்ந்தாலோ, எஃகில் அணுவணுவாகக் கலந்திருக்கும் பாஸ்பரஸ், வெள்ளீயம், ஆன்டிமனி, ஆர்சனிக் ஆகியவை நகர்ந்துபோய்ப் பழைய ஆஸ்டெனைட் மணி எல்லைகளில் சேர்கின்றன. எல்லைகளின் பிடிப்பு தளர்ந்து, எஃகு மணி மணியாகப் பிரிந்து முறியும். நிக்கலும் குரோமியமும் சேர்ந்த எஃகுகள் இதற்கு அதிகம் ஆளாகின்றன. மாலிப்டினம் இதைத் தாமதப்படுத்தும். ஆனாலும் கனமான பொருளை உலையில் விட்டு இரவு முழுக்க ஆறவைத்தால் அதுவும் கைகொடுக்காது.

கொடுமை என்னவென்றால், இப்படிக் கெட்டுப்போன பொருளின் கடினத்தன்மையிலும் இழுவலிமையிலும் மாற்றம் ஏதும் தெரியாது. அடித்துப் பார்க்கும் சோதனை மட்டுமே காட்டிக்கொடுக்கும். 1969 செப்டம்பரில் இங்கிலாந்தின் ஹிங்க்லி பாயின்ட் ஏ மின்நிலையத்தில் டர்பைன் வட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தபோதே வெடித்துச் சிதறியது. அது குரோமியம்-மாலிப்டினம் எஃகு. தயாரிப்பின்போது உலையில் மெதுவாகக் குளிர்விக்கப்பட்டதால் முறியாமை குறைந்துபோயிருந்தது. சாவிக்காடியில் ஓரிரு மில்லிமீட்டர் ஆழமே இருந்த விரிசல் முழு வட்டையும் பிளக்கப் போதுமானதாகிவிட்டது.

நல்லது ஒன்று உண்டு: இந்தக் கேடு மீளக்கூடியது. 600 டிகிரிக்கு மேல் மறுபடி சூடாக்கி, தண்ணீரிலோ எண்ணெயிலோ விரைவாகக் குளிரவைத்தால் எல்லைகளில் சேர்ந்தவை கலைந்துவிடும். டெம்பரிங் முடிந்த ஈஎன் 24 பொருளை நாங்கள் எண்ணெயில் போடுவதைப் பார்த்து ‘மறுபடி ஹார்டனிங் பண்ணிட்டீங்களா?’ என்று பதறுபவர்கள் உண்டு. அந்த வெப்பநிலையில் ஆஸ்டெனைட்டே இல்லாததால் கடினம் ஏறாது.

இரண்டு தண்டுகளும் 30 ராக்வெல் சி. ஒன்று ஏன் ஆறே மாதத்தில் முறிந்தது?

என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் இதுவே முக்கியமானது. 30 என்ற எண்ணை அடைய இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில், முழுவதும் மார்டென்சைட் ஆகும்படி தோய்த்து 55க்கு மேல் கடினம் கொண்டுவந்து, பிறகு 600 டிகிரிக்கு மேல் டெம்பர் செய்து 30க்கு இறக்குகிறோம். இரண்டாம் வழியில், உலையை அளவுக்கு மீறி நிரப்பியதாலோ எண்ணெய் சூடேறியிருந்ததாலோ தோய்த்தல் சரியாக நடக்காமல், பாதி மார்டென்சைட்டும் மிச்சம் பெய்னைட்டும் (மார்டென்சைட்டுக்கும் பெர்லைட்டுக்கும் இடைப்பட்ட அமைப்பு) ஃபெரைட்டுமாகக் கலந்து 40 ராக்வெல் சி அளவிலேயே நின்றுவிடுகிறது. இதை வழக்கமான வெப்பநிலையில் டெம்பர் செய்தால் எண் 30க்குக் கீழே போய்விடும் என்பதால், டெம்பரிங்கைக் குறைத்து 30இல் நிறுத்திவிடலாம். சான்றிதழில் இரண்டும் ஒன்றே. யீல்டு வலிமையிலும் (நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு) திரும்பத் திரும்ப வரும் சுமையைத் தாங்கும் ஆயுளிலும் முறியாமையிலும் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. குறிப்பாக, மணி எல்லைகளில் கோடுபோல ஓடும் ஃபெரைட் விரிசலுக்கு வழிகாட்டும்.

ஆகவே இறுதிக் கடினத்தை மட்டும் கேட்காதீர்கள். தோய்த்தவுடன், டெம்பரிங்குக்கு முன் எடுத்த கடினம் எவ்வளவு என்று கேளுங்கள். ஈஎன் 19, ஈஎன் 24 பொருள்களில் அது மேற்பரப்பில் 50க்கு மேல் தெளிவாக இருக்க வேண்டும். அந்த எண்ணைக் குறித்து வைக்காத பட்டறை, எங்களுடையதாக இருந்தாலும், கேள்விக்கு உரியதே.

90 மில்லிமீட்டர் கம்பியை ஹார்டனிங் செய்து 45 ஆகக் கடைந்தால் வலிமை மாறுமா?

கட்டாயம் மாறும். குரோமியம், நிக்கல், மாலிப்டினம் ஆகியவற்றின் உண்மையான வேலை இங்கேதான் வருகிறது. ஃபெரைட்டும் பெர்லைட்டும் உருவாவதை அவை தாமதப்படுத்துவதால், மெதுவாகக் குளிரும் நடுப்பகுதியும் மார்டென்சைட் ஆவதற்கு அவகாசம் கிடைக்கிறது. இதை ஆழக்கடினமாகும் திறன் என்று சொல்லலாம். 25 மில்லிமீட்டர் விட்டமும் 100 மில்லிமீட்டர் நீளமும் உள்ள கம்பியைச் சூடாக்கி, ஒரு முனையில் மட்டும் தண்ணீரைப் பீய்ச்சி, முனையிலிருந்து தூரம் செல்லச் செல்லக் கடினம் எப்படிச் சரிகிறது என்று பார்ப்பது ஜொமினி சோதனை. ஈஎன் 8 எஃகில் அந்தச் சரிவைக் காட்டும் வரைகோடு சில மில்லிமீட்டரிலேயே குப்புற விழும். ஈஎன் 19 எஃகில் சாய்தளம்போல் இறங்கும். ஈஎன் 24 எஃகில் ஏறக்குறையப் படுத்தே கிடக்கும்.

4140 எஃகை எண்ணெயில் தோய்த்து 540 டிகிரியில் டெம்பர் செய்தால், 25 மில்லிமீட்டர் விட்டத்தில் சுமார் 1,140 மெகாபாஸ்கல் இழுவலிமை கிடைக்கும். 50 மில்லிமீட்டரில் அது 920, 75 மில்லிமீட்டரில் 860. அதே எஃகு, அதே உலை, அதே எண்ணெய். எனவே 90 விட்டத்தில் ஹார்டனிங் செய்துவிட்டுப் பாதியாகக் கடைந்தால், நல்ல மேல்தோல் முழுவதும் சுருள்சுருளாகச் சிப்ஸ் தட்டில் விழுந்துவிடும். கையில் மிஞ்சுவது நடுப்பகுதி. வாடிக்கையாளர் ஒருவர் அப்படிக் கடைந்து எடுத்துவந்த தண்டில் 24 ராக்வெல் சி காட்டியது. நாங்கள் கம்பியாக அனுப்பும்போது மேற்பரப்பில் 32 இருந்தது. இரண்டு எண்களுமே உண்மை. முதலில் ஒரு பக்கத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் மிச்சம் வைத்துக் கடைந்துவிட்டுக் கொடுங்கள். விட்டம் குறைக்க வழியில்லாத பெரிய பொருளுக்கு ஈஎன் 24 வாங்குவதே மேல், விலை கூடினாலும்.

நார்மலைசிங் போதாதா?

சுமையும் அடியும் குறைவாக உள்ள இடத்தில் போதும். ஃபோர்ஜிங்கில் பருத்துப்போன மணிகளை நுணுக்கமாக்குவதற்கு 870 டிகிரி அளவில் சூடாக்கிக் காற்றில் ஆறவிடுவது நல்ல முன்வேலையும்கூட. ஆனால் ஒரே வலிமை அளவில் ஒப்பிட்டால், தோய்த்து டெம்பர் செய்த பொருளின் முறியாமையை நார்மலைசிங் எட்டுவதில்லை.

உலைச் சூட்டை 50 டிகிரி கூட்டி வைத்தால் நன்றாகக் கடினமாகுமா?

ஆகாது. மணிகள்தான் பருக்கும். ஹால், பெட்ச் இருவரும் 1950களின் தொடக்கத்தில் நிறுவிய உறவின்படி மணி நுணுகினால் யீல்டு வலிமை கூடும்; முறியாமையும் உடன் கூடும். இரண்டையும் ஒன்றாக உயர்த்தும் வழி எஃகில் அரிது. அதைக் கைவிட்டுப் பருமணிக்குப் போவது கையில் இருக்கும் காசை எறிவது போன்றது.

சென்னை வெயில் தோய்ப்புத் தொட்டியைப் பாதிக்குமா?

தண்ணீர்த் தொட்டியை நிச்சயம் பாதிக்கும். செந்நிறமாகக் காய்ந்த பொருள் தண்ணீரில் இறங்கியதும் அதைச் சுற்றி நீராவிப் போர்வை ஒன்று உருவாகிறது. அது உடையும்வரை குளிர்ச்சி மந்தமாகவே இருக்கும். தண்ணீர் சூடாக ஆகப் போர்வை நீண்ட நேரம் நிற்கும். அதுவும் எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் உடையாது. இதனால் பொருளில் திட்டுத் திட்டாகக் கடினம் வரும், கோணலும் வரும். மே மாதத்தில் தகரக் கூரைக்கு அடியில் காலை முதல் நான்கு சார்ஜ், அதாவது நான்கு உலைச் சுமை, தோய்த்த தொட்டி, மாலையில் 45 டிகிரியைத் தாண்டுவதை நான் பார்த்திருக்கிறேன். குளிர்விப்பானும் கலக்கும் விசிறியும் இல்லாத தொட்டியில் பகல் சார்ஜும் இரவு சார்ஜும் ஒன்றாக வராது. தோய்ப்பதற்குப் பயன்படும் பாலிமர் கரைசலுக்கும் இதே கதிதான்.

எண்ணெய்க்கு வெயிலால் கெடுதல் குறைவு; அதை நாமே 50 முதல் 70 டிகிரி வரை சூடாக வைத்துத்தான் தோய்க்கிறோம். அதற்கு எதிரி ஐப்பசி, கார்த்திகை மழை. கூரை ஒழுகியோ குளிர்விப்புக் குழாய் ஓட்டையாகியோ எண்ணெயில் கலக்கும் தண்ணீர் அடியில் தங்கி, குளிரும் வேகத்தைத் தாறுமாறாக்கி விரிசலை உண்டாக்கும். அளவு கூடினால் அந்தத் தண்ணீர் சூட்டில் ஆவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து, எண்ணெயைப் பொங்கவைத்துத் தீப்பிடிக்கச் செய்யும். மழைக்காலத்தில் தொட்டியின் அடி எண்ணெயை எடுத்துச் சோதிப்பதைத் தரக்கட்டுப்பாட்டு வேலையாக மட்டும் நாங்கள் பார்ப்பதில்லை.

துத்தநாக பிளேட்டிங் செய்த போல்ட், பெட்டியில் கிடக்கும்போதே முறிந்தது. ஹீட் ட்ரீட்மென்ட் குற்றமா?

பெட்டியில் சும்மா கிடந்தபோது முறிந்தது என்றால் முதலில் தோய்ப்பு விரிசலைத் தேடுங்கள். இறுக்கிவைத்துச் சில மணி நேரமோ ஒரு நாளோ கழித்துத் தலை தெறித்தது என்றால் ஹைட்ரஜனைச் சந்தேகியுங்கள். பிளேட்டிங்குக்கு முன்னான அமிலத் தொட்டியிலும் பிளேட்டிங் தொட்டியிலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் நுழைந்து, இழுவிசை மிகுந்த இடத்தை நோக்கி மெல்ல நகர்ந்து, விரிசலைத் தொடங்கிவைக்கும். 39, 40 ராக்வெல் சிக்கு மேல் ஆபத்து வேகமாக ஏறுகிறது, 12.9 வகுப்புப் போல்ட்டுகள் அந்த எல்லைக்குள் இருப்பவை. பிளேட்டிங் முடிந்து 4 மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரி வரை சூட்டில் 8 முதல் 24 மணி நேரம் வைப்பது வழக்கமான பரிகாரம். 12.9 வகுப்பை மின்முலாம் பூசவே கொடுக்காமலிருப்பது அதைவிட நல்ல பரிகாரம்.

ஹார்டனிங் செய்த ஈஎன் 19 பொருளில் வெல்டிங் வைக்கலாமா?

தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். கார்பனோடு மாங்கனீசையும் குரோமியம், மாலிப்டினத்தையும் கணக்கில் சேர்க்கும் கார்பன் ஈடு, ஈஎன் 19 எஃகில் 0.8ஐ ஒட்டி வரும். முன்சூடு இல்லாமல் வெல்டிங் வைக்க அது 0.4 அளவில் இருக்க வேண்டும். சூடாக்காமல் வைத்த வெல்டிங்கின் ஓரத்தில், டெம்பர் ஆகாத மார்டென்சைட் மெல்லிய பட்டையாக உருவாகிவிடும். மேலே சொன்ன கண்ணாடி அதுதான். கட்டாயம் என்றால் 200 டிகிரிக்கு மேல் முன்சூடு, ஹைட்ரஜன் குறைந்த காய்ந்த ராடு, முடித்ததும் மறுபடி டெம்பரிங் ஆகிய மூன்றும் வேண்டும். அந்த டெம்பரிங் முதல் டெம்பரிங்கைவிடச் சற்றுக் குறைந்த வெப்பநிலையில் நடக்க வேண்டும். இல்லையெனில் பொருள் முழுவதும் தொய்ந்துவிடும்.

இங்கே தேறிய பொருள் லடாக்கில் முறியுமா?

முறியலாம். ஃபெரைட் அடிப்படையிலான எஃகுகளுக்குக் குளிர் ஏற ஏற முறியாமை குறையும். ஒரு வெப்பநிலைப் பட்டைக்குள் நார்முகம் கல்கண்டு முகமாக மாறும். சென்னையில் மார்கழி விடியலிலும் 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஆகவே இங்கே அறை வெப்பநிலையில் எடுத்த சார்ப்பி எண், உறைநிலைக்கு வெகு கீழே ஓடும் வண்டிக்கு எதையும் சொல்லாது. அப்படிப் போகும் பொருளுக்குக் கழித்தல் 40 டிகிரியில் சோதனை கேளுங்கள். உயர்ந்த டெம்பரிங், நுண்மணி, நிக்கல் ஆகிய மூன்றும் அந்த மாற்றம் நடக்கும் வெப்பநிலையை இன்னும் கீழே தள்ளும். மார்டென்சைட் சரியாக உருவாகாத பொருளில் அது மேலே ஏறிவிடும்.

வரைபடத்தில் என்ன எழுதிக் கொடுக்க வேண்டும்?

எஃகின் பெயர், கடினத்தன்மை வரம்பு, அந்தக் கடினம் எந்த இடத்தில் எவ்வளவு ஆழத்துக்கு வேண்டும், டெம்பரிங் எந்த வெப்பநிலைக்குக் கீழே போகக்கூடாது ஆகியவற்றை எழுதுங்கள். அடி வாங்கும் பொருள் என்றால் சார்ப்பி ஜூலும் சோதனை வெப்பநிலையும் சேருங்கள். அதே சார்ஜில் வைத்துச் சோதிக்க ஒரு துண்டுக் கம்பியையும் அனுப்புங்கள். கடின வரம்பை 2 எண்ணுக்குள் இறுக்கிப்பிடிக்காதீர்கள். ராக்வெல் இயந்திரத்தின் சொந்தத் தடுமாற்றமே ஓர் எண்ணளவுக்கு இருக்கும். அந்த இறுக்கத்துக்காகக் கொடுக்கும் காசை ஒரு சார்ப்பி சோதனைக்குக் கொடுங்கள்.

கடினம் வராத பொருளை மறுபடி உலையில் போடலாமா?

போடலாம். கடினம் கூடுதலாக இருந்தால் மீண்டும் டெம்பரிங் செய்தாலே போதும். குறைந்து போயிருந்தால் தொடக்கத்திலிருந்து ஹார்டனிங் செய்ய வேண்டும். அதற்கு முன் நார்மலைசிங் செய்வது நல்லது. ஆனால் ஒவ்வொரு முறையும் பொருள் சற்றே வளையும், அளவு மாறும். உலைக் காற்று கட்டுப்பாட்டில் இல்லையென்றால் மேல்தோலிலிருந்து கார்பன் எரிந்துபோய், அரம் போட்டால் வழுக்காமல் கடிக்கும் மென்மையான படலம் உருவாகும். இரண்டு முறைக்கு மேல் நாங்கள் செய்வதில்லை. அப்போதும் கடினம் வரவில்லை என்றால், உலையை விட்டுவிட்டு, எஃகின் சேர்மானத்தைக் காட்டும் ஸ்பெக்ட்ரோ சோதனைக்கு ஒரு துண்டு அனுப்புகிறோம். ஈஎன் 19 என்று பெயிண்ட் அடித்து வந்த கம்பி ஈஎன் 8 ஆக இருந்தது ஒருமுறை மட்டும் நடந்ததல்ல.